ஈகையா, ஒப்புரவா?

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் செய்தார். அதனை அடுத்தே ஈகை என்று வேறோர் அதிகாரமும் செய்தார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியவை. ஆயினும், அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடாமல் 22ஆம் அதிகாரமாகவும் 23ஆம் அதிகாரமாகவும் பிரித்து வைத்தமைக்குக் காரணம் இருத்தல் வேண்டும். இல்லாதவனைக் கண்டு இரங்கி உள்ளவன் கொடுப்பது ஈகை. உலகத்தோடு ஒத்து வாழ்பவன், தான் அவ்வுலகத்துக்குக் கடமைப்பட்டவன் என்பதை அறிந்து செய்வது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவன் கை மேலும் வாங்குபவன் கை கீழுமாக இருக்கின்றன. ஒப்புரவில் அந்த ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லை. தமிழாசிரியர் எவரும் இவ்வளவையும் வகுப்பில் சொல்லிவிடுவர். பரீட்சைக்கும் அது போதும். நம் கண்முன் நடக்கும் ஒரு காரியத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த வேறுபாட்டின் கூர்மை தெரியவருகிறது.

நான் எடுத்துக்கொள்ளும் காரியம் மிகச் சிறியது. பதுளைத் தோட்டமொன்றின் கிளினிக்கில் இரண்டு மாதக் குழந்தைக்கு ஏற்றப்படும் ஊசி அது. ஐந்து நோய்களுக்கான தடுப்பு மருந்துகள் அதில் அடங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று, ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் நோய்க்குரியது. இலங்கைக் குழந்தைகளுக்கு 2003ஆம் ஆண்டு முதல் இம்மருந்து கொடுக்கப்பட்டு வருகிறது. தாய்மார் இதற்குப் பணம் கொடுப்பதில்லை. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்க்குத் தடுப்பூசி பற்றி ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளும் ஒரே விதமாக முடிந்திருந்தன. ஏழைகளாகிய எமக்கு இலவசமாக மருந்து தரும் அரசாங்கத்துக்கும் வெளிநாட்டாருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். நன்றியுணர்வு நல்ல குணம். அதைக் கெடுக்க நான் விரும்பவில்லை. ஆனால், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த கைகளின் வழிவந்த பிள்ளைகள், தம்மைப் பிச்சை ஏற்பவராக எண்ணிக்கொள்ள எங்கே கற்றார்கள்? அந்த ஊசியைக் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? இதற்கு விடை காண வேண்டுமாயின், சிறிது விஞ்ஞானத்துக்குள் நுழைந்து மருந்துக் குப்பியின் உள்ளே பார்த்தாக வேண்டும்.

உயிர்க்கலம் ஒவ்வொன்றையும் கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காக நின்று ஆக்கிய மென்சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. பல வைரசுகளும் இத்தகைய கொழுப்புப் போர்வையைப் போர்த்துக்கொண்டே திரிகின்றன. அச்சவ்வில் பதிந்து நிற்கும் புரதங்களே கலம் வெளியுலகோடு நடத்தும் கொடுக்கல் வாங்கல்களின் வாயில்கள். வைரசு மனித கலத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகளும் அவையே. ஆகவே, உடல் ஒரு கிருமியை வந்தவுடனேயே இனங்காண வேண்டுமாயின், இந்தச் சவ்வுப் புரதங்களின் உருவத்தை முன்கூட்டியே பழகிக்கொள்வது நலம். தடுப்பூசிகள் பலவற்றின் அடிப்படை இதுவே.

ஆனால், சவ்வுப் புரதம் எளிதில் கைக்கு அடங்குவதில்லை. அதன் வெளிப்பகுதி நீரோடு ஒத்துப்போகும். சவ்வுக்குள் புதைந்துள்ள பகுதியோ நீரைக் கண்டால் ஒதுங்கும். அதனைச் சவ்விலிருந்து பிடுங்கி நீரில் இட்டால் தன் உருவத்தை இழக்கும். ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். உருவிழந்த புரதத்தைக் கண்டு பழகிய உடல், உண்மைப் பகைவன் வரும்போது ஏமாந்து போகும். ஏமாற்றம் மட்டுமே விளையும் என்பதுமில்லை. குழந்தைகளின் சுவாசப்பையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரசுக்கு எதிராக, அதனைப் போமலினால் செயலிழக்கச் செய்து ஆக்கிய ஊசியொன்று அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு பரிசோதிக்கப்பட்டது. ஊசி பெற்ற குழந்தைகளை நோய் முன்னிலும் கடுமையாகத் தாக்கிற்று. இரு குழந்தைகள் இறந்தன. அவ்வைரசின் சவ்வுப் புரதம் தன் இயல்பான உருவத்தில் இல்லாமல் போனமை அதற்கு ஒரு காரணம் என்பது பல்லாண்டு கழிந்தே தெளிவாயிற்று. 2013இல் அப்புரதத்தின் சரியான உருவம் துலக்கப்பட்டது. 2023இல்தான் அந்நோய்க்கு நம்பத்தக்க தடுப்பூசிகள் அனுமதி பெற்றன. இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள்!

மீனை உயிரோடு காட்ட விரும்புபவன் அதைத் தண்ணீரோடு அள்ளிக்கொண்டு போகிறான். விஞ்ஞானிகள் கண்ட வழியும் இதுதான். புரதத்தைத் தனியே பிடுங்காமல், அதற்கு இசைவான கொழுப்புத் துண்டொன்றோடு சேர்த்தே எடுத்தார்கள். இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்லைகர் என்பவரின் குழுவினர், கொழுப்பாலான நுண்ணிய தட்டு ஒன்றைச் சுற்றிப் புரதத்தாலேயே அரைஞாண் கட்டி, அத்தட்டில் சவ்வுப் புரதத்தை இருத்தும் முறையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தனர். நனோத் தட்டு என்று அதற்குப் பெயர். இவ்வாறே பல்வேறு நனோத் துணிக்கைகள் மீது புரதங்களை அணிவகுத்து நிறுத்தும் முறைகளும் வந்தன. ஒரே உருவம் அடுத்தடுத்து நிற்கக் கண்டால் உடல் அதனை விரைவில் மனத்திருத்திக் கொள்கிறது. கொவிட் காலத்தில் நோவாவாக்ஸ் நிறுவனம் ஆக்கிய தடுப்பூசி இவ்வகையினதே.

இயற்கை இதனை நமக்கு முன்பே செய்து வைத்திருந்தது என்பதுதான் வியப்பு. ஹெப்பற்றைற்றிஸ் பி நோயாளியின் இரத்தத்தில், வைரசோடு கூடவே, உள்ளீடற்ற வெறுங்கூடுகளும் ஏராளமாக மிதக்கின்றன. வைரசின் மேற்பரப்புப் புரதம் கொழுப்போடு சேர்ந்து தானாகவே உருண்டு திரண்ட துணிக்கைகள் அவை. பரம்பரைப் பொருள் உள்ளே இல்லாமையால் அவற்றால் நோய் உண்டாவதில்லை. ஒவ்வொன்றின் குறுக்களவும் 22 நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் குறுக்கே மூவாயிரத்துக்கு மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம். புரதம் தன் உருவம் கெடாமல் தன் கொழுப்பிலேயே குடியிருக்கும் இந்தத் துணிக்கையே ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசியின் உயிர்ப்பொருள். நம் தோட்டத்துக் குழந்தையின் தொடையில் ஏறுவதும் இதுவே.

நிற்க. இத்துணிக்கை மனிதனுக்கு எவ்வாறு கிடைத்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நம் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

பரூச் ப்ளம்பேர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, உலகத்தின் பல பாகங்களிலுமுள்ள மக்களின் இரத்தத்தைச் சேர்த்து ஒப்புநோக்கி வந்தார். அவுஸ்திரேலிய ஆதிக்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதியதொரு பொருளை அவர் குழுவினர் கண்டு, 1965இல் வெளியிட்டனர். பின்னர் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசின் மேற்பரப்புப் புரதம் என்று தெரியவந்தது அதுதான். ப்ளம்பேர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. தகுதியானவருக்கே கிடைத்தது; அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால், இக்கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசும் நூல்கள், இரத்தம் கொடுத்தவரை ஓர் ஆதிக்குடி மனிதர் என்ற அளவில் விட்டுவிடுகின்றன.

இரண்டாவது கட்டம் இதனினும் துயரமானது. நியூ யோர்க்கில் வில்லோபுறூக் என்னும் இடத்தில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான அரச இல்லமொன்று இருந்தது. அங்கே 1956ஆம் ஆண்டு முதல் கிறுக்மன் என்னும் மருத்துவர் தலைமையில், பிள்ளைகளுக்கு ஈரல் அழற்சி நோயை வேண்டுமென்றே தொற்றச் செய்து ஆராய்ச்சி நடத்தினார்கள். எப்படியும் அங்கே பிள்ளைகளுக்கு அந்நோய் வரத்தான் போகிறது என்பது அவர்கள் கூறிய நியாயம். அசுத்தமும் நெருக்கடியும் நிறைந்த அந்த இல்லத்தைத் திருத்துவதைவிட அதனை ஆய்வுகூடமாக்குவது எளிதாயிருந்தது போலும். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. ஆனால், 1964இல் இடமில்லையென்று இல்லத்தின் கதவு மூடப்பட்டபோது, ஆராய்ச்சிப் பிரிவில் மட்டும் இடமிருந்தது. வேறு போக்கிடமற்ற பெற்றோர் இட்ட அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல நமக்கு நாக்கூசுகிறது. கங்காணியின் முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த ஆராய்ச்சியிலிருந்தே, நோயாளியின் இரத்தநீரைக் கொதிக்கவைத்து ஏற்றினால் பாதுகாப்புக் கிடைக்கக்கூடும் என்ற முக்கியமான உண்மை 1971இல் வெளிப்பட்டது.

1981இல் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி, நோய் தொற்றிய மனிதரின் இரத்தநீரிலிருந்தே வடித்தெடுக்கப்பட்டது. 1982இல், மதுவம் என்னும் நொதிக்கும் நுண்ணுயிரைக் கொண்டே அதே 22 நனோமீற்றர்த் துணிக்கையை உண்டாக்கிக் காட்டினார்கள். 1986இல் அம்முறையில் ஆக்கிய தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அன்று தொட்டு மனித இரத்தம் தேவையில்லாமல் போயிற்று. ஆனால், மதுவத்துக்கு அப்புரதத்தை ஆக்கக் கற்றுக்கொடுத்த பாடம் மனித இரத்தத்தில்தான் எழுதப்பட்டிருந்தது.

இப்போது ஒரு கேள்வி எழும். இவ்வாறு பிறந்த அறிவை நாம் பயன்படுத்துவது அறமாகுமா? வில்லோபுறூக் பிள்ளைகளின் துன்பத்தில் விளைந்ததை நம் பிள்ளைகளுக்கு ஏற்றலாமா? ஏற்றலாகாது என்பாரும் உளர். எனக்கு அது ஒருவகைப் பொய்த் தூய்மையாகவே படுகிறது. மருந்தை மறுப்பதால் அந்தப் பிள்ளைகளின் துன்பம் குறையப்போவதில்லை. நம் பிள்ளைகளின் ஈரல் கெடுவதுதான் மிச்சம். அவர்கள் பட்ட துன்பம் நம்மீது விதிப்பது மறுப்பை அன்று, கடனை. அவ்வறிவு எவருக்கும் தனியுடைமையாகாது என்னும் கடனே அது. பெயரறியா ஆதிக்குடி மனிதரும் பேசத் தெரியாத பிள்ளைகளும் தம் உடலை வைத்து எழுதிய ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருவர் கையொப்பமிட்டுவிட்டு, ஏடு முழுவதும் எனது என்று சொன்னால், அதை எந்த அறநூல் ஏற்கும்?

முதலாளித்துவத்துக்கு இதற்கு ஒரு விடை உண்டு. அதை நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் கண்டதைக் கோடிக்கணக்கான குப்பிகளில் அடைக்கப் பெருமூலதனம் வேண்டும். பத்து முயற்சியில் ஒன்பது வீணாகும். இலாபம் இல்லாவிடில் யார் முன்வருவார் என்பது அவ்விடை. தொழிற்சாலை கட்டப் பணம் வேண்டும் என்பது மெய்தான். ஆனால், எவ்வளவு வேண்டும்? ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் சிறு நிறுவனம் 1997இல் அதே தடுப்பூசியை மதுவத்திலிருந்து ஆக்கி, இறக்குமதி மருந்தின் விலையில் மிகச் சிறிய பங்குக்கு விற்றுக் காட்டியது. அப்படியாயின் அதற்கு முந்திய விலை எதன் விலை? பொருளின் விலையா, வேலியின் விலையா? இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை வழங்க மறுத்திருந்தது. அந்நாட்டு மருந்துத் தொழில் மலிவு விலைக்கு வளர்ந்தது அந்த நிழலில்தான். உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகளுக்கு இணங்க 2005இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது. சாந்தா நிறுவனத்தையே 2009இல் சனோபி என்னும் பிரெஞ்சுப் பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது.

நமக்கு அயலிலேயே இதனைச் சிந்தித்த ஒருவர் இருந்தார். ஊவாவிலுள்ள பிபிலை என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய பேராசிரியர் சேனக பிபிலை அவர். மருந்தை வணிகப் பெயரால் வாங்காது அதன் உண்மைப் பெயரால் உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி வாங்குவது என்னும் எளிய கொள்கையின்மேல், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் எழுந்தது. பல்தேசியக் கம்பனிகள் அதனை எவ்வளவு வெறுத்தன என்பதே அக்கொள்கையின் நேர்மைக்குச் சான்று. அவர் 1977இல் கயானாவில் காலமானார். தோட்டத்துப் பிள்ளை தன் நன்றியை யாருக்கேனும் எழுத வேண்டுமாயின் அவர் பெயரை எழுதலாம். ஆனால், நம் பாடநூல்களைப் படித்து முடிக்கும் பிள்ளை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டுமே!

இனி, நம் தோட்டங்களுக்கு வருவோம். மலையகத் தமிழருக்கு ஊசி புதியதன்று. பாக்கு நீரிணையைக் கடக்குமுன்பே மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து நிறுத்தி அம்மைப்பால் குத்தினார்கள். அது ஈகையா, ஒப்புரவா? இரண்டுமன்று. துறைமுகத்தில் இறக்கும் மாட்டைச் சோதிப்பது போன்றதொரு காரியம் அது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். சோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. சோகை நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான் என்ற கணக்குத் துரைமாருக்கும் இனித்தது. ஆனால், மலசலகூடம் கட்டுங்கள் என்றபோது செலவைக் காட்டிப் பின்வாங்கினார்கள். வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களுக்குப் புழு மீண்டும் ஏறிற்று. எண்ணெய் இடப்படும் இயந்திரத்துக்கு வீடு தேவையில்லை என்பதே அந்தக் கணக்கின் உட்பொருள்.

சவ்வுப் புரதம் பற்றி மேலே சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சூழலிலிருந்து பிடுங்கினால் அது உருக்குலைகிறது. ஆகவே சூழலின் ஒரு துண்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதை விஞ்ஞானி கண்டுகொண்டான். ஒரு புரதத்துக்குக் காட்டும் இந்தப் பரிவை மனிதனுக்குக் காட்ட நம் சமுதாயம் இன்னும் கற்கவில்லை. தோட்டத் தொழிலாளியின் தோள் வேறாகவும் அவன் இருக்கும் லயம் வேறாகவும் கருதப்படுகின்றன. தோளுக்கு ஊசி வரும். லயத்துக்குக் கூரை வராது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மண்ணுக்குள் போனவர்களுக்கும் தடுப்பூசி அட்டைகள் இருந்திருக்கும்.

இது ஒருபுறமிருக்க, 2021ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. சனவரி 28ஆம் திகதி இந்தியாவின் அன்பளிப்பாக ஐந்து இலட்சம் தடுப்பூசிகள் வந்திறங்கின. மறுநாளே ஏற்றத் தொடங்கினார்கள். பின்னர் இந்தியாவில் நோய் பெருகி ஏற்றுமதி நின்றபோது, முதல் ஊசி பெற்ற சுமார் ஆறு இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்காக யப்பானிலிருந்து யூலை இறுதியில் மருந்து வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. சீனத்து ஊசி வந்தது. அமெரிக்க ஊசிகளும் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கொடியோடு வந்தது, படம் பிடிக்கப்பட்டது. ஈகையின் இயல்பு இது. கொடுப்பவன் கொடுக்கும்போதுதான் கிடைக்கும், நிறுத்தினால் நின்றுவிடும். தென்னாபிரிக்காவும் இந்தியாவும் 2020 ஒக்டோபரில் வேறொன்றைக் கேட்டிருந்தன. தானம் வேண்டாம், நாமே ஆக்கிக்கொள்ள உரிமை வேலியை நோய்க்காலம் முடியும்வரை தளர்த்துங்கள் என்றன. அது ஒப்புரவின் மொழி. செல்வ நாடுகள் ஏறத்தாழ இருபது மாதங்கள் பேசிப் பேசி, 2022 யூனில், பெருமளவு நீர்த்துப்போன ஒரு தீர்மானத்தைத் தந்தன. அந்நேரம் இறக்க வேண்டியவர்கள் இறந்துவிட்டிருந்தார்கள். பைசர் முதலியோரின் ஊசிகளுக்கு அடிப்படையான முட்புரதத்தை, அதுவும் ஒரு சவ்வுப் புரதமே, உருக்குலையாமல் நிறுத்தும் வித்தையை வகுத்தவர்களில் அமெரிக்க அரசின் சம்பளம் பெற்ற விஞ்ஞானிகளும் இருந்தனர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பொதுப்பணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தனியார் பெயர் வைத்த கதை அது.

நம் பக்கத்திலும் ஒரு தவறான குரல் கேட்கிறது. கம்பனிக்காரனின் மருந்தை நம்பாதே, நனோ என்றால் ஏதோ சதி என்று சில முற்போக்கு நண்பர்களே பேசக் கேட்டிருக்கிறேன். கம்பனியின் விலையைச் சந்தேகிப்பது வேறு. புரதத்தைச் சந்தேகிப்பது வேறு. 1966இன் குழந்தைகளை மறைக்காமல் ஆராய்ந்து, எங்கே பிழைத்தது என்று அரை நூற்றாண்டு தேடிக் கண்டது விஞ்ஞானந்தான். வேறெதுவும் அதைச் செய்திருக்க முடியாது. இருட்டில் வைக்கப்பட்டவன் எதையும் சந்தேகிப்பான். ஆகவே அச்சந்தேகத்தைப் போக்கும் வழி, ஏசுவதன்று. அவன் மொழியில் அவனுக்கு விளக்குவது. தாயிடம், இது உன் பிள்ளையின் ஈரலைக் காக்க வந்த வெறுங்கூடு, இதற்குள் கிருமி இல்லை என்று தமிழில் சொல்ல எத்தனை நிமிடம் செல்லும்? அதைச் சொல்லாமல் கையை நீட்டு என்று மட்டும் சொல்வது, மருந்து நல்லதாயிருந்தாலும், மண்டபம் முகாமின் பழக்கமே.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு, கிடைப்பதெல்லாம் சலுகையென்று தோன்றும்படி நெடுங்காலம் பழக்கப்படுத்தினார்கள். சட்டம் பின்னர் மாறிவிட்டது. பழக்கம் கட்டுரைக் கொப்பிகளில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒப்புரவறிதலைப் படிப்பிக்கும் அதே கிழமையில் விஞ்ஞான ஆசிரியர் மென்சவ்வைப் படிப்பிக்கிறார். இருவரும் ஒரு பாடவேளையைச் சேர்ந்து எடுத்தால் என்ன குறைந்துவிடும்? கிளினிக் நாளைப் பற்றியும் அப்போது பேசலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டு மலைக்குப் போகும் தாய்க்குக் கொழுந்தின் நிறை குறைகிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். அன்றைய நாளுக்கு அவளுக்கு முழுப்பேர் போட வேண்டும் என்று சங்கங்கள் கேட்கலாம். அரைப்பேரை வெட்டிக்கொண்டு ஊசி இலவசம் என்று எழுதும் கணக்கை, எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர் சரியென்று அடையாளமிட மாட்டார்.